எந்த நிலைக்கு மீள்வது?

(டெல்டா மாவட்ட மாணவர்கள் நடத்திய ஒருநாள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

காலநிலை மாற்றத்துக்குச் சமூகங்கள் எப்படித் தங்களைத் தகவமைத்துக் கொள்கின்றன என்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். பனிப்பாறை, துருவக்கரடி, கார்பன் அளவு என்று தொடங்குவதுதான் வழக்கம். அதெல்லாம் உங்கள் பாடநூலில் இருக்கிறது. நான் நாம் உட்கார்ந்திருக்கிற இந்த டெல்டாவைப் பற்றிப் பேசுகிறேன். அதற்கு முன்னால் இரண்டு சொற்களை மட்டும் தெளிவுபடுத்திக் கொள்வோம், பின்னால் குழப்பம் வராமல் இருக்கும்.

வெளியேற்றும் புகையைக் குறைப்பதைத் தணிப்பு என்கிறார்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பாதிப்புக்கும் இனி வரப்போகும் பாதிப்புக்கும் ஏற்ப வாழ்க்கையை மாற்றிக்கொள்வது தகவமைப்பு. தகவமைப்பிலும் இரண்டு வகை. கடற்கரையில் புயல் காப்பகம் கட்டுவது, வாய்க்கால் கரையை ஓரடி உயர்த்துவது, வெள்ளத்தில் மூழ்கினாலும் அழுகாமல் நிற்கும் சி.ஆர்.1009 சப்-1 நெல்லை விதைப்பது, இவையெல்லாம் படிப்படியான தகவமைப்பு. இருக்கிற அமைப்பு அப்படியே இருக்கும், அதைக் கொஞ்சம் பலப்படுத்துவோம். இரண்டாவது, உருமாற்றத் தகவமைப்பு. பாதிப்பை உண்டாக்குகிற சமூக அமைப்பையே மாற்றுவது. நிலம் யாரிடம் இருக்கிறது, தண்ணீரை யார் திறக்கிறார்கள், யார் எங்கே குடியிருக்கிறார்கள், முடிவு எடுக்கும் கூட்டத்தில் யார் நாற்காலியில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் இதில் வரும். மார்க் பெல்லிங் என்ற ஆய்வாளர் 2011இல் எழுதிய நூலில் மீள்திறன், இடைமாற்றம், உருமாற்றம் என்று மூன்று படிகளாக இதைப் பிரிக்கிறார். ஐ.நா.வின் காலநிலைக் குழு 2022இல் வெளியிட்ட அறிக்கையும் இந்தச் சொற்களைக் கையாள்கிறது. உலகில் 330 முதல் 360 கோடிப் பேர் கடும் பாதிப்புக்கு ஆளாகக்கூடிய சூழலில் வாழ்கிறார்கள் என்று அது சொல்கிறது.

இவற்றில் அரசுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் மிகவும் பிடித்த சொல் மீள்திறன். அடி வாங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் ஆற்றல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்கு வெளியே, வடிகால் ஓரம், தாழ்ந்த மேட்டில், பட்டா இல்லாத குடிசையில் இருக்கிற ஒருவரிடம் போய் 'புயலுக்கு முன்பிருந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்து விடுகிறோம்' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்? அந்தப் பழைய நிலைதானே புயலை அவர்களுக்குப் பேரிடராக மாற்றியது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. உங்களில் பலர் அப்போது பள்ளியில் படித்திருப்பீர்கள். நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை சாய்ந்த காட்சிதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அரசு நிவாரணம் அறிவித்தது. சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய். எக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டு 1,92,500 ரூபாய். முழுவதும் சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய். தென்னை விவசாயிகளுக்கு இது போதாது என்பது உண்மை. ஒரு கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், அவர்கள் கேட்டது நியாயம். அதை மறுக்க நான் இங்கே வரவில்லை.

ஆனால் அந்தத் தோப்பை நம்பி இன்னும் எத்தனை பேர் இருந்தார்கள்? காய் பறிப்பவர், உரிப்பவர், வண்டியில் ஏற்றுபவர், மட்டையை ஊறவைத்துக் கீற்று முடைகிற பெண்கள். இவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற தலித்துகள். களப்பணியின்போது கீற்று முடைகிற ஒரு அம்மாவிடம் புயலுக்குப் பிறகு என்ன கிடைத்தது என்று கேட்டேன். "தம்பி, மரம் போனவங்களுக்குக் கணக்கு எடுத்தாங்க. மட்டை முடையிற எங்களை எதுல எழுதுவீங்கன்னு கேட்டேன். அதுக்கு ஃபாரத்துல எடம் இல்லைன்னுட்டாங்க. அரிசி, போர்வை குடுத்தாங்க, வாங்கிக்கிட்டோம். அப்புறம் எம் மவன் திருப்பூருக்குப் போயிட்டான்" என்றார். என் ஆய்வேட்டில் பல பக்கங்களில் நான் எழுதியிருப்பதை அவர் ஃபாரம் என்ற ஒரு சொல்லில் சொல்லிவிட்டார். உடைமைக்கு இழப்பீடு உண்டு. உழைப்பு இழப்புக்குப் படிவமே இல்லை. உடைமை எந்தச் சாதியிடம் இருக்கிறது, உழைப்பு எந்தச் சாதியிடம் இருக்கிறது என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் விவசாயத்தில் ஈடுபட்டிருக்கும் பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் கூலித் தொழிலாளர்கள்.

வறட்சியிலும் இதே கதைதான். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம், நிலவரி தள்ளுபடி. நிலமே இல்லாதவருக்கு நிலவரியைத் தள்ளுபடி செய்து என்ன ஆகப்போகிறது?

இப்போது டெல்டாவின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போகிறேன். உருமாற்றம் என்றால் ஏதோ வெளிநாட்டு மாநாட்டில் பிறந்த சொல் என்று நினைக்க வேண்டாம். இந்த மண்ணில் அது ஒருமுறை நடந்திருக்கிறது, அரைகுறையாக என்றாலும்.

1940களில் பி.சீனிவாசராவ் போன்றவர்களின் தலைமையில் பண்ணையாட்கள் சங்கமானார்கள். சாணிப்பாலும் சவுக்கடியும் நின்றது அந்தச் சங்கத்தால்தான். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாக நடந்த படுகொலை அது. அவர்கள் எங்கே வைத்து எரிக்கப்பட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உயிர் தப்ப ஓடிப்போய் ஒளிந்த ஒரு கூரைக் குடிசைக்குள். அன்று டெல்டாவின் சேரிக் குடிசைகள் பெரும்பாலும் மிராசுதாரின் மனையில்தான் நின்றன. கூலி கேட்டால் குடிசையைப் பிரித்துப் போடு என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருந்தது. அப்படிப்பட்ட மனையில் யார் சுவர் எழுப்புவார்கள்? நாளைக்கே காலி செய்யச் சொல்லக்கூடிய இடத்தில் கீற்றும் மூங்கிலும்தான் போட முடியும். தீயில் எரிவதும் புயலில் பறப்பதும் ஒரே குடிசைதான், தோழர்களே.

கீழ்வெண்மணிக்குப் பிறகு கணபதியா பிள்ளை ஆணையம் வந்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனைகளுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தமானது. வெளியேற்றுவேன் என்ற மிரட்டல் பல ஊர்களில் அதோடு முடிந்தது. பட்டா கைக்கு வந்த பிறகுதான் தொகுப்பு வீடு வந்தது, கான்கிரீட் கூரை வந்தது, மின் இணைப்பு வந்தது. தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட மிகச் சிறந்த காலநிலைத் தகவமைப்புச் சட்டம் எது என்று கேட்டால் நான் இந்த 1971 சட்டத்தைத்தான் சொல்வேன். அதில் காலநிலை என்ற சொல்லே கிடையாது. நிபுணர் குழு போட்டு வந்ததும் அல்ல. ரத்தம் சிந்தி வந்தது.

அரைகுறை என்று ஏன் சொன்னேன்? மனை கிடைத்தது, வயல் கிடைக்கவில்லை. நில உச்சவரம்பு 1970இல் 30 தரநிலை ஏக்கரிலிருந்து 15 தரநிலை ஏக்கராகக் குறைக்கப்பட்டது. பினாமிப் பெயர்களிலும் விலக்குகளிலும் அது கரைந்து போனது. கோயில், மடங்களின் நிலத்தில் குடியிருப்பவர்கள் பலருக்கு இன்றுவரை மனைப் பட்டா இல்லை. ஆற்றுப் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை நடத்துகிறது. எட்டு லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். நல்ல திட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கும் பட்டா வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கு என்றால் 'ஆட்சேபணைக்குரியது' என்று எழுதிவிடுவார்கள். வெள்ளம் முதலில் நுழைகிற வீடு எதுவோ அதுவே திட்டத்துக்குள் வராத வீடு. ஆட்சேபணைக்குரிய இடத்துக்கு அவர்களைத் தள்ளியது எது என்ற கேள்வியைக் கேட்க அந்தக் கோப்பில் இடம் இல்லை.

உருமாற்றம் எல்லாமே நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஆய்வுக் கட்டுரைகளில் அந்தச் சொல்லைக் கொண்டாடுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகம் எப்போதும் உண்டு. 1990களில் நாகை, சீர்காழி கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. நெல் விளைந்த நிலம் உப்புக் குளமானது. இதுவும் பெரிய மாற்றம்தான். நடவு, களை, அறுப்பு என்று வருடத்தில் பல மாதம் வேலை கொடுத்த நிலத்தில் சில காவலாளிகள் போதும் என்றானது. குடிநீர் உப்பானது. கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் இருவரும் தலித் பெண்களோடு சேர்ந்து போராடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்துத் தீர்ப்பளித்தது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பின் பல்லைப் பிடுங்கியது. இன்று கடல்நீர் உட்புகுந்து உவராகிற நிலத்துக்கு மாற்றுப் பிழைப்பு என்று சொல்லி இறாலையே தகவமைப்பாகப் பரிந்துரைக்கிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்குப் பிழைப்பு என்று நாம் கேட்க வேண்டும்.

சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோரக் குடியிருப்புகளை அப்புறப்படுத்தினார்கள். அந்த மக்களில் பெரும்பாலோர் தலித்துகள். வெள்ள ஆபத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய, மழை வந்தால் தண்ணீர் சூழ்கிற பகுதி. அதே சதுப்பு நிலத்தை விழுங்கி எழுந்த கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றையும் யாரும் இடம் மாற்றவில்லை.

வயலுக்குள்ளேயே நடக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். நேரடி நெல் விதைப்பைக் காலநிலைக்கு உகந்த வேளாண்மை என்று ஊக்குவிக்கிறார்கள். தண்ணீர் மிச்சம், மீத்தேன் குறைவு, செலவு குறைவு. மூன்றும் உண்மை. அந்தச் 'செலவு' என்பது யாருடைய வருமானம்? நடவுக் கூலி. டெல்டாவில் நடவு என்பது பெரும்பாலும் தலித் பெண்களின் வேலை. ஒரு பருவத்து நடவில் கிடைக்கிற பணத்தில்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவு ஓடும், குழுக் கடன் தவணை கட்டுவார்கள். நேரடி விதைப்பை நான் எதிர்க்கவில்லை. சுட்டெரிக்கும் வெயிலில் சேற்றில் குனிந்து நடுவதை ஒரு பெருமையாகப் பாட்டுக் கட்டிப் பாடுகிறவன் நான் இல்லை, அந்த வேலை ஒழிந்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் மிச்சமாகும் தண்ணீரும் பணமும் நிலக்காரருக்கு, இழக்கும் வேலைநாள் எல்லாம் கூலிக்காரருக்கு என்று பங்கு பிரிக்கிற தகவமைப்பை அறிவியல் என்ற பெயரில் ஏற்றுக்கொள்ள முடியாது.

சரி, வேறு விதமாக எங்கேனும் நடந்திருக்கிறதா? தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியைச் சொல்லலாம். பழைய மெதக் மாவட்டம், இன்று சங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கிறது. மழை குறைவு, கல்லும் செம்மண்ணும். 1980களிலிருந்து தக்காண வளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்பின் துணையோடு அங்கே தலித் பெண்கள் ஊருக்கு ஊர் சங்கம் அமைத்தார்கள். அரசு கொடுத்த நிலம் என்று சிலருக்குக் காகிதம் இருந்தது, ஆனால் எதுவும் விளையாத தரிசு. அதைக் கல் பொறுக்கி, வரப்புக் கட்டி, எரு போட்டுத் திருத்தினார்கள். சோளம், துவரை, சாமை, தினை, எள் என்று பல பயிரை ஒரே நிலத்தில் கலந்து விதைத்தார்கள். ஒன்று போனால் ஒன்று நிற்கும். விதையைத் தங்கள் வீட்டிலேயே சேமித்தார்கள். வாங்கிப் போனவர் அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். 1990களில் தானிய நிதி ஒன்றைத் தொடங்கினார்கள். தரிசைத் திருத்தக் கடன் கொடுத்து, அதைப் பணமாக இல்லாமல் சோளமாகத் திரும்ப வாங்கி, ஊரில் உள்ள ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார்கள். யார் ஏழை என்று முடிவு செய்ததும் சங்கத்துப் பெண்கள்தான். 2008இல் சொந்தமாகச் சமுதாய வானொலியும் தொடங்கினார்கள். 2019இல் ஐ.நா.வின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது.

நம் ஊர்களில் இந்தக் கதையைச் 'சிறுதானியப் புரட்சி' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்து அங்காடிகளில் தினை லட்டு விலை ஏறியதுதான் மிச்சம். ஜகீராபாத்தில் நடந்ததைத் தானியமாக மட்டும் பார்த்தால் பாதி போய்விடும். நேற்றுவரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய், கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தவர்களின் கையில் விதையும் தானியமும் வந்தது. ஊரில் யாருக்கு முதலில் தானியம் என்று முடிவு செய்கிற இடத்தில் ஒரு தலித் பெண் உட்கார்ந்தார். மழை பொய்த்த வருடத்தில் மிராசு வீட்டு வாசலில் நிற்க வேண்டிய அவசியம் குறைந்தது. மானாவாரி நிலத்தில் நடந்ததை ஆற்றுப்பாசன டெல்டாவில் அப்படியே செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். இங்கே சும்மா கிடக்கும் தரிசு குறைவு. ஆனால் குத்தகைக்கு விடப்படுகிற கோயில் நிலம் ஏராளமாக இருக்கிறது. அதைத் தலித் பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுக்க முன்னுரிமை கொடுத்தால் என்ன என்று யாராவது சட்டமன்றத்தில் கேட்டால் நன்றாக இருக்கும்.

பாபாசாகேப் அம்பேத்கர் இதையெல்லாம் வேறு சொற்களில் யோசித்திருக்கிறார். 1927இல் மகாத் குளத்தில் தண்ணீர் குடித்ததை நாம் ஒவ்வொரு மேடையிலும் நினைவுகூர்கிறோம். 1945 நவம்பரில் அரசப் பிரதிநிதியின் அவையில் தொழிலாளர் உறுப்பினராக அவர் கட்டாக்கில் பேசியதை அதிகம் பேசுவதில்லை. ஒடிசாவின் வெள்ளத்தைக் கடலுக்குள் விரட்ட வேண்டிய தொல்லையாகப் பார்த்த பழைய குழுக்களை அவர் மறுத்தார். தண்ணீரைத் தேக்கிப் பயன்படுத்த வேண்டும், தண்ணீர் மிகுதியால் வரும் துன்பத்தைவிடத் தண்ணீர் இல்லாமையால் வரும் துன்பமே பெரிது என்றார். பெரிய அணைகள் மீது அவர் வைத்த நம்பிக்கையை இன்று நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அணைகளால் விரட்டப்பட்ட பழங்குடிகளைப் பார்த்துவிட்டோம். ஆனால் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்கு அவர் தயாரித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' அறிக்கையை எடுத்துப் படியுங்கள். நிலத்தை அரசுடைமையாக்கி, சாதி வேறுபாடின்றிக் கூட்டுப் பண்ணையாகப் பகிர வேண்டும், நிலக்கிழாரும் இருக்கக்கூடாது, குத்தகைக்காரரும் இருக்கக்கூடாது, நிலமற்ற கூலியும் இருக்கக்கூடாது என்கிறார். சாதி இந்துக்களின் கிராமத்தைச் சார்ந்து நிற்காதபடி பட்டியல் சாதியினருக்குப் புதிய குடியிருப்புகளை அமைக்கத் தனி ஆணையம் வேண்டும் என்கிறார்.

இதைப் பெரும்பாக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் இடமாற்றம்தான். ஒன்றில் மக்களுக்கு நிலமும், அதில் பிழைக்க வழியும், பழைய அடிமைத்தனத்திலிருந்து விடுதலையும் சேர்ந்து வருகின்றன. இன்னொன்றில் எட்டு மாடிக் கட்டடத்தில் ஒரு சாவி மட்டும் கொடுக்கப்படுகிறது, வேலைக்குப் போக விடியற்காலை பேருந்து பிடிக்க வேண்டும். கடல் மட்டம் உயர உயர டெல்டாவிலும் இடமாற்றம் என்ற பேச்சு வரத்தான் போகிறது. அப்போது நம் கையில் எந்த வரைபடம் இருக்க வேண்டும் என்பதை இப்போதே பேசிவிட வேண்டும்.

கடைசியாக வெப்பத்தைப் பற்றி. 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் சாகாமல் இருப்பதற்கு என்ன வழி? வெயிலில் வேலைக்குப் போகாதீர்கள், பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை வெளியே வராதீர்கள் என்று அறிவுரை வருகிறது. நாள்கூலிக்காரர் வீட்டில் இருந்தால் அன்றைய அடுப்பு எரியாது. ஆபத்தான வெப்பம் என்று அரசே எச்சரிக்கை விடுகிற நாளில் விவசாய, கட்டட, தூய்மைப் பணியாளர்களுக்கு அந்த நாளின் கூலியை அரசு தர வேண்டும். மழை நின்றால் பயிருக்குக் காப்பீடு இருக்கிறது, வேலை நின்றால் உழைப்புக்கும் அதுபோல ஒன்று வேண்டும். இது சலுகை கேட்பது ஆகாது. அந்தக் கீற்று முடைகிற அம்மா கேட்ட ஃபாரம்தான் இது.

இங்கே இருக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊராட்சியின் கிராம வரைபடத்தை எடுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். அதில் சேரி எங்கே, வடிகால் எங்கே, சுடுகாடு எங்கே, புயல் காப்பகம் எங்கே என்று குறியுங்கள். காப்பகம் ஊருக்குள் இருந்து, போகும் வழி ஆதிக்கச் சாதித் தெரு வழியாக இருந்தால் அதையும் எழுதுங்கள். எத்தனை வீட்டுக்குப் பட்டா இல்லை, எந்தக் காரணத்தால் இல்லை என்று வீடு வீடாகக் கேளுங்கள். அதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். வைக்கவிடாமல் தடுப்பார்கள், அதையும் பதிவு செய்யுங்கள். அடுத்த கருத்தரங்கில் நான் பேச வேண்டாம், அந்த வரைபடங்களை இந்தச் சுவரில் ஒட்டிவிட்டு அவற்றின் முன்னால் உட்கார்ந்து பேசுவோம்.